கல்லும் கருவியும் ஒத்துப்போக: வாசகர் கேள்வி – பதில்

ரோவரில் (கையில் கொண்டுபோகும் செயற்கைக்கோள் அளவைக் கருவி) எடுத்த ஆயத்தொலைவுகளைப் பழைய சர்வே கற்களோடும் டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) டிராவர்ஸோடும் (தொடர் அளவைக் கோடு) பொருத்தும்போது வரும் குழப்பங்கள்தான் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, வேலைத்தளத்தில் உடனே பயன்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே: இரண்டு புள்ளிகளுக்கு இடையே டோட்டல் ஸ்டேஷனில் 1000.00 மீட்டர் வருகிறது. அதே புள்ளிகளை ரோவரில் எடுத்து யூடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து வரையும் வரைபடக் கட்டம்) எண்களிலிருந்து தூரம் கணக்கிட்டால் 999.69 மீட்டர். எந்தக் கருவியில் கோளாறு?
— கட்டுமானப் பொறியாளர், சென்னை

இரண்டிலும் கோளாறு இல்லை. டோட்டல் ஸ்டேஷன் தரைத் தூரத்தைச் சொல்கிறது. யூடிஎம் எண்கள் வரைபடத் தளத்துத் தூரத்தைச் சொல்கின்றன. இரண்டுக்கும் நடுவே இரண்டு படிகள் உண்டு. தரையிலிருந்து நீள்கோளப் (பூமிக்கு மாதிரியாகக் கொள்ளும் கணித உருவம்) பரப்புக்கு இறக்குவது முதல் படி. இதை உயரம் தீர்மானிக்கிறது. நீள்கோளத்திலிருந்து தட்டையான கட்டத்துக்கு மாற்றுவது இரண்டாம் படி. இதை மையத் தீர்க்கரேகையிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள் என்பது தீர்மானிக்கிறது.

சென்னை யூடிஎம் 44ஆம் மண்டலத்தில் இருக்கிறது. அதன் மையக்கோடு கிழக்கு 81°. அந்தக் கோட்டின் மேல் ஸ்கேல் ஃபேக்டர் (கட்டத் தூரத்துக்கும் நீள்கோளத் தூரத்துக்கும் உள்ள விகிதம்) 0.9996. சென்னை அங்கிருந்து சுமார் 79 கி.மீ. மேற்கே இருப்பதால் 0.99968. நம் கடற்கரையில் தரை நீள்கோளத்துக்குக் கீழே இருப்பதால் உயரத் திருத்தம் 13 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவுக்குக் கொஞ்சம் கூட்டும். இரண்டையும் பெருக்கினால் வரும் கூட்டு ஸ்கேல் ஃபேக்டர் 0.99969. ஒரு கிலோமீட்டருக்கு 31 செ.மீ. குறைவு என்று நீங்கள் கண்டது இதைத்தான்.

ஊட்டியிலும் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட இதே 31 செ.மீ.தான் வரும். ஆனால் காரணம் வேறு. அங்கே 43ஆம் மண்டலம், மையக்கோடு 75°. கட்டத்தின் ஸ்கேல் 1.000025, ஏறக்குறைய ஒன்று. கட்டத்தால் வரும் பிழை அநேகமாக இல்லை. 2,200 மீட்டரை ஒட்டிய உயரம்தான் முழுக் குறையையும் கொண்டுவருகிறது. கோயம்புத்தூருக்கு வந்தால் நிலைமை தலைகீழ்: கட்டத்தில் கூடுவது 168 பிபிஎம், உயரத்தால் குறைவது 50 பிபிஎம். ஆக, தரையில் ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் 1000.12 மீட்டராக நீளுகிறது. ‘யூடிஎம் என்றால் 40 செ.மீ. குறையும்’ என்று ஒரே எண்ணை எல்லா ஊருக்கும் போடுகிறவர்கள் கோவையில் திசையையே தப்பாகத் திருத்திவிடுவார்கள்.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. டோட்டல் ஸ்டேஷனிலேயே கூட்டு ஸ்கேல் ஃபேக்டரைக் கொடுத்து எல்லா வேலையையும் யூடிஎம்மில் செய்யலாம். பெரிய சாலை, குழாய்த்தடப் பணிகளுக்கு இது சரிப்படும். சைட் கேலிபரேஷன் (ரோவர் எண்களைத் தளத்தின் தெரிந்த புள்ளிகளோடு பொருத்துவது) செய்து ரோவரைத் தள ஆயத்தொலைவுக்கு இறக்கலாம். மூன்றாவதாக, உங்கள் தளத்துக்கென்றே ஒரு டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர் (யூடிஎம்முக்கும் அடிப்படையான வரைபட முறை) கட்டம் அமைக்கலாம். பல ஆண்டுகள் நடக்கும் பணிக்கு நாங்கள் பரிந்துரைப்பது மூன்றாவதைத்தான். தளத்தின் நடுவே மையக்கோடு வையுங்கள். ஸ்கேலுக்கு, ஒன்றுடன் சராசரி நீள்கோள உயரத்தைப் பூமியின் ஆரத்தால் வகுத்ததைக் கூட்டுங்கள், ஊட்டிக்கு 1.000338 வரும். மையக்கோட்டிலிருந்து 10 கி.மீ. தள்ளிப் போனாலும் கட்டத்தால் வரும் பிழை 1.2 பிபிஎம்தான். மலையில் 100 மீட்டர் ஏறினாலோ இறங்கினாலோ 16 பிபிஎம் மாறும் என்பதால் அங்கே கவனிக்க வேண்டியது உயரத்தைத்தான்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். யூடிஎம் எண்களை அப்படியே கூட்டு ஃபேக்டரால் வகுத்து ‘தரை ஆயத்தொலைவு’ என்று கோப்பில் சேமிப்பது இங்கே பரவலாக நடக்கிறது. சென்னையில் வடக்கு எண் 14 லட்சத்தைத் தாண்டும், அதை 0.99969 ஆல் வகுத்தால் 400 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆனால் பார்வைக்கு யூடிஎம் மாதிரியே இருக்கும். ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு எது எது என்று தெரியாது. தளக் கட்டம் அமைக்கும்போது தொடக்க எண்களை 50,000 என்று வையுங்கள். யூடிஎம்மோடு குழப்பிக்கொள்ள யாராலும் முடியாது.

கே: எங்கள் சாலைப் பணி திண்டுக்கல் வழியாகப் போகிறது. பாதி 43ஆம் மண்டலம், பாதி 44. எதை எடுப்பது?
— ஒப்பந்த சர்வேயர், திண்டுக்கல்

78° தீர்க்கரேகை நகரை ஒட்டியே போவதால் உங்களுக்கு இந்தச் சோதனை. மண்டல எல்லையில் ஸ்கேல் 1.0009ஐத் தாண்டும்; எந்த மண்டலத்தை எடுத்தாலும் கிலோமீட்டருக்கு 90 செ.மீ. அளவில் கட்டத் தூரம் கூடும். இரண்டு மண்டலங்களில் பாதிப் பாதி வேலை செய்வது விபரீதம்: கிழக்கு எண் ஒரே அடியில் ஆறரை லட்சம் மீட்டர் குதிக்கும், வடக்குக் கோடும் திரும்பிவிடும். ஒப்பந்தத்தில் யூடிஎம் கட்டாயம் என்றால் முழு நீளத்துக்கும் ஒரே மண்டலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டாயம் இல்லையென்றால் 78°ஐயே மையக்கோடாக வைத்துத் தளக் கட்டம் அமையுங்கள். தலைவலி அங்கேயே தீரும்.

கே: பழைய டோப்போஷீட்டிலிருந்து (இடவியல் வரைபடம்) எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகையை ரோவரில் போட்டால் 200 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது. எவரெஸ்டிலிருந்து (பழைய வரைபடங்களின் நீள்கோளம்) டபிள்யூஜிஎஸ் 84க்கு (ஜிபிஎஸ் பயன்படுத்தும் முறை) மாற்ற 295, 736, 257 மீட்டர் என்று மூன்று எண்கள் கிடைத்தன. இவற்றை வைத்து எல்லைக் கல்லைத் தேடலாமா?
— சிவில் டிப்ளமோ மாணவர், சேலம்

கல் இருக்கும் காட்டைத் தேடலாம். கல்லைத் தேட முடியாது. அந்த மூன்று எண்களும் இந்தியா, நேபாளம் முழுமைக்குமான சராசரி. வெளியிட்டவர்களே அவற்றின் நிச்சயமின்மையை முறையே 12, 10, 15 மீட்டர் என்று சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பின்குறிப்பை விட்டுவிடுவதில்தான் தப்பு தொடங்குகிறது.

காரணம் புரிந்தால் எதிர்பார்ப்பும் சரியாகும். 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, பின்னர் மத்தியப் பிரதேசத்தின் கலியான்பூரை மூலமாகக் கொண்டு எவரெஸ்ட் நீள்கோளத்தின் மேல் கணக்கிடப்பட்டது. அந்த நீள்கோளம் இந்தியத் துணைக்கண்டத்தோடு ஒட்டும்படி வைக்கப்பட்டது. அதன் மையம் பூமியின் மையத்திலிருந்து சுமார் 830 மீட்டர் விலகி நிற்கிறது. அந்த மூன்று எண்களும் இந்த விலகலைத்தான் சொல்கின்றன. சங்கிலியும் தியோடலைட்டுமாக நாடு முழுக்க இழுத்துச் சென்ற முக்கோணங்களில் சேர்ந்த நெளிவு வேறு. அது இடத்துக்கு இடம் மாறும். எந்த மூன்று எண்ணாலும் நீங்காது.

இன்னொன்று: ‘எவரெஸ்ட்’ என்ற பெயரில் மென்பொருளில் அரை டஜன் நீள்கோளங்கள் இருக்கும். இந்தியாவுக்கான 1956 வடிவத்தின் அரை நீளச்சு 6377301.243 மீட்டர், 1937 சரிக்கட்டலின் வடிவத்துக்கு 6377276.345. அடியிலிருந்து மீட்டருக்கு எந்த விகிதத்தில் மாற்றினார்கள் என்பதிலிருந்து பிறந்த வித்தியாசம் இது, சுமார் 25 மீட்டர். ஸ்கேலில் 4 பிபிஎம் அளவுக்குப் போகும். பட்டியலில் முதலில் இருப்பதைச் சொடுக்காதீர்கள்.

கே: ஒரு கிலோமீட்டர் சதுரத் தளத்தின் நான்கு மூலைகளிலும் கன்ட்ரோல் புள்ளிகள் (ஆயத்தொலைவு ஏற்கெனவே தெரிந்தவை). சைட் கேலிபரேஷன் செய்தேன். கிடைமட்ட ரெசிடுவல் (பொருத்திய பின் மிஞ்சும் வித்தியாசம்): முதல் புள்ளியில் 6 செ.மீ., அதன் இரு பக்கத்துப் புள்ளிகளிலும் 4.2 செ.மீ., எதிர்மூலையில் பூஜ்யம். ஆர்எம்எஸ் (ரெசிடுவல்களின் வர்க்கச் சராசரியின் மூலம்) 4.2. ஒப்பந்தத்தில் 5 செ.மீ. வரை அனுமதி. அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?
— சர்வே மேற்பார்வையாளர், ஓசூர்

ஏற்காதீர்கள். உங்கள் முதல் புள்ளியில் 12 செ.மீ. பிழை இருக்கிறது என்று அந்த எண்களே சொல்கின்றன.

எப்படி என்று பாருங்கள். கிடைமட்டத்தில் நான்கு அளவுருக்கள்: கிழக்கு நகர்வு, வடக்கு நகர்வு, சுழற்சி, ஸ்கேல். நான்கு புள்ளிகள் எட்டு எண்களைத் தருகின்றன. எட்டில் நான்கு விடை காண்பதற்கே செலவாகிவிட, சோதிக்க மிஞ்சுவது நான்குதான். சதுர அமைப்பில் ஒவ்வொரு அளவுக்கும் பாதிச் சோதனை பலம்தான் கிடைக்கும். ஆகவே ஒரு மூலையில் கிழக்குத் திசையில் 12 செ.மீ. தவறு இருந்தால், அந்த மூலையில் 6 மட்டுமே வெளியே தெரியும். மிச்சத்தைக் கணக்கு பக்கத்துப் புள்ளிகளின் தலையில் கட்டும்: இரண்டிலும் கிழக்கில் 3, வடக்கில் 3, ஆகக் கூடி 4.2. எதிர்மூலைக்கு எதுவும் போகாது. உங்கள் கடிதத்தில் இருக்கும் வரிசை அச்சாக இதுதான். ஸ்கேலும் 30 பிபிஎம் நகர்ந்திருக்கும். கோணத்தில் 6 செகண்ட் திரும்பியிருக்கும்.

முதல் புள்ளியை எடுத்துவிட்டு மற்ற மூன்றைக் கொண்டு மறுபடி கணக்கிடுங்கள். மூன்றிலும் ரெசிடுவல் ஒரு சென்டிமீட்டருக்குள் சுருங்கி, முதல் புள்ளி மட்டும் 12 செ.மீ. தள்ளி நின்றால் குற்றவாளி அதுதான். சந்தேகத்தோடு விடாமல் முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே டோட்டல் ஸ்டேஷனில் ஒரு தூரம் அளந்து பாருங்கள். சில சமயம் புள்ளி நகர்ந்திருக்காது. பட்டியலில் இலக்கம் மாறித் தட்டச்சாகியிருக்கும், 47ஐ 35 என்று அடித்த மாதிரி.

இனி எண்ணிக்கை. இரண்டு புள்ளிகள் வைத்தால் ரெசிடுவல் எப்போதும் பூஜ்யம்தான். இரண்டு புள்ளி தரும் நான்கு எண்களும் நான்கு அளவுருக்களுக்கே போய்விடுவதால் வரும் பூஜ்யம் அது. அதைக் காட்டிச் சான்றிதழ் தருவது நேர்மையல்ல. ஐந்து புள்ளிகளில் கேலிபரேஷன், அதில் சேர்க்காத இரண்டு புள்ளிகளில் சோதனை. இதுவே எங்கள் குறைந்தபட்சம். புள்ளிகள் தளத்துக்குள் குவிந்திருக்கக் கூடாது, தளத்தைச் சுற்றி வளைத்திருக்க வேண்டும். 500 மீட்டர் இடைவெளியில் வைத்த புள்ளிகளைக் கொண்டு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் அளந்தால், அங்கே பிழை நான்கு மடங்காகி நிற்கும்.

புள்ளியைப் பிடிக்கும் முறையிலும் பலர் அவசரப்படுகிறார்கள். பைபாட் (கம்பைத் தாங்கும் இரட்டைக் கால்) கட்டாயம். 2 மீட்டர் கம்பு ஒரு டிகிரி சாய்ந்தால் 3.5 செ.மீ. போய்விடும். குமிழ் சரியா என்று பார்க்க, கம்பின் முனையைக் கல்லின் தலையில் வெட்டிய கூட்டல் குறியில் ஊன்றி, கம்பை 180 டிகிரி திருப்புங்கள். குமிழ் நடுவை விட்டு ஓடினால் அன்றைக்குக் கேலிபரேஷன் வேண்டாம், முதலில் குமிழைச் சரிசெய்யுங்கள். ஃபிக்ஸட் தீர்வில் (ரோவர் தன் இடத்தைச் சென்டிமீட்டர் அளவில் உறுதிசெய்த நிலை) 3 நிமிடம், அதாவது செகண்டுக்கு ஒன்றாக 180 அளவுகள். பிறகு தீர்வை அறுத்து மீண்டும் பிடித்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு முறை. செயற்கைக்கோள்களின் அமைப்பு மாறிய பிறகு எடுத்ததும் முதலில் எடுத்ததும் 2 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை எடுப்பதால் பயனில்லை. பக்கத்துக் கட்டடத்தில் பட்டுத் திரும்பும் சிக்னல் இரண்டு முறையும் ஒரே பொய்யைத்தான் சொல்லும்.

கடைசியாக, ரெசிடுவலைப் பார்ப்பதற்கு முன் ஸ்கேலைப் பாருங்கள். டோட்டல் ஸ்டேஷனில் தரைத் தூரமாகவே கொண்டுவந்த வலையும் தளத்துக்கென அமைத்த கட்டமும் என்றால் ஸ்கேல் ஒன்றிலிருந்து 10, 20 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். 300 பிபிஎம் வந்தால் எங்கோ யூடிஎம் நுழைந்திருக்கிறது. 5,800 வந்தால் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

கே: எஃப்எம்பி புல வரைபடத்தை கேட் (கணினி வரைவு) மென்பொருளில் வரைந்து, வயலில் கிடைத்த நான்கு கற்களோடு பொருத்தினேன். ஸ்கேல் 1.0058 வந்தது. மென்பொருள் பொருத்திக்கொடுத்துவிட்டது. சரிதானே?
— உரிமம் பெற்ற சர்வேயர், விழுப்புரம்

1.0058 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அது கன்டர் சங்கிலி. பழைய சங்கிலி 66 அடி, 100 லிங்க். ஒரு லிங்க் 0.201168 மீட்டர். மெட்ரிக் சங்கிலி 20 மீட்டர், அதிலும் 100 லிங்க். ஒரு லிங்க் சரியாக 0.2 மீட்டர். ஜி-லைன் (புல வரைபடத்தின் அடிப்படை அளவைக் கோடு) 1012 லிங்க் என்று எழுதியிருந்தால் 0.2 ஆல் பெருக்கினால் 202.40 மீட்டர், கன்டர் கணக்கில் 203.58. வித்தியாசம் 1.18 மீட்டர். பரப்பில் ஒரு ஏக்கருக்கு ஒன்றே கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. விவசாயிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மென்பொருள் ஸ்கேலை இழுத்து அந்தத் தவறை மூடிவிட்டது; விடை கிட்டத்தட்டச் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அப்படியே விடாதீர்கள். வரைபடத்துக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு ஜி-லைனையும் ஆஃப்செட்டையும் (கோட்டிலிருந்து செங்குத்தாக அளந்த தூரம்) சரியான லிங்க் நீளத்தில் மறுபடி வரையுங்கள். பிறகு ஸ்கேலைப் பூட்டிவிட்டு, நகர்வும் சுழற்சியும் மட்டும் காணும் மூன்று அளவுருப் பொருத்தம் செய்யுங்கள். யூடிஎம்மில் வேலை செய்தால் அந்த இடத்தின் கூட்டு ஃபேக்டரில் பூட்டுங்கள்; தரைக் கட்டத்தில் என்றால் ஒன்றில்.

ஏன் பூட்ட வேண்டும் என்றால், ஒரு கல்லை யாரோ அரை மீட்டர் நகர்த்தி நட்டிருந்தால், ஸ்கேல் கட்டற்று இருக்கும்போது கணக்கு முழு வயலையும் கொஞ்சம் நீட்டி அந்தக் கல்லுக்கு இணங்கிப் போகும். நகர்ந்த கல் நல்ல கல் போல் தெரியும், நல்ல கற்கள் சந்தேகத்துக்கு ஆளாகும். பூட்டினால் நகர்ந்த கல் தன்னை மறைத்துக்கொள்ளும் வாய்ப்பு குறையும். அதே காரணத்தால் இங்கே ஆறு அளவுரு அஃபைன் (நீளத்தையும் அகலத்தையும் வெவ்வேறாக நீட்டும் பொருத்தம்) வேண்டாம். காகிதம் நீள அகலத்தில் வெவ்வேறாகச் சுருங்கியிருப்பதால் ஸ்கேன் செய்த படத்துக்கு அஃபைன் பொருந்தும். எஃப்எம்பியில் எழுதியுள்ள எண்ணிலிருந்து வரையும்போது காகிதச் சுருக்கம் என்ற பேச்சே இல்லை.

வரப்பையும் வேலியையும் கன்ட்ரோலாக எடுக்கக் கூடாது. கல் தெரியவில்லையென்றால் கணக்கிட்ட இடத்தில் தோண்டிப் பாருங்கள். மண் மூடிய கல் உழவில் தலை உடைந்து அடியில் நிற்பது உண்டு. மூன்று கிராம எல்லைகள் சேரும் டிரைஜங்ஷன் கல் கிடைத்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள்; மூன்று ஊர்ப் பதிவுகளிலும் அது இருப்பதால் சரிபார்க்க வழி அதிகம்.

கே: ஒரே ஊர், ஒரே கன்ட்ரோல் புள்ளிகள். ஏழு அளவுரு மாற்றம் (மூன்று நகர்வு, மூன்று சுழற்சி, ஒரு ஸ்கேல்) நானும் நண்பரும் தனித்தனியே கணக்கிட்டோம். நகர்வு எண்களில் 60 மீட்டருக்கு மேல் வித்தியாசம். ஆனால் இருவருக்கும் ரெசிடுவல் 2 செ.மீ. யாருடையது சரி?
— பொறியியல் பட்டதாரி, திருச்சி

இருவருடையதும் அந்தத் தளத்துக்குள் சரி, அதற்கு வெளியே இரண்டும் பயனில்லை. ஏழு அளவுரு முறையில் சுழற்சி பூமியின் மையத்தைச் சுற்றி நடக்கிறது. ஒரு செகண்ட் சுழற்சி நம் தரையில் 31 மீட்டர் நகர்வுக்குச் சமம். 5 கி.மீ. தளத்தில் ஒரு முனையின் உயரத்தில் 5 செ.மீ. தவறு இருந்தால், அது 2 செகண்ட் சாய்வாகத் தெரியும். அதை ஈடுகட்ட நகர்வு எண்கள் 64 மீட்டர் மாறும். உங்களில் ஒருவர் கம்பு உயரத்தையோ ஏதாவது ஒரு பெஞ்ச் மார்க்கையோ (உயரம் தெரிந்த புள்ளி) சற்று வேறாகக் கொடுத்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

10, 20 கி.மீ.க்குள் அடங்கும் தளத்துக்கு ஏழு அளவுரு தேவையே இல்லை. சரியான புரொஜெக்ஷன் (நீள்கோளத்தைத் தட்டையான கட்டமாக்கும் முறை) போட்டுவிட்டு, கிடைமட்டத்துக்கு நான்கு அளவுரு, உயரத்துக்குத் தனிப் பொருத்தம் என்று பிரித்துச் செய்வதே நல்லது. அப்போது உயரத்தின் பிழை கிடைமட்டத்தைக் கெடுக்காது. மாவட்ட அளவில் ஏழு அளவுரு கட்டாயம் என்றால் மொலோடென்ஸ்கி–படெகாஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் சுழற்சி புள்ளிகளின் நடுவைச் சுற்றி நடப்பதால் எண்கள் நிலையாக வரும்; ஆனால் அந்த நடுப்புள்ளியின் ஆயத்தொலைவையும் சேர்த்தே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும்.

ஏழு எண்களை வேறு மென்பொருளில் ஏற்றும்போது சுழற்சியின் குறியைப் பாருங்கள். பொசிஷன் வெக்டர், கோஆர்டினேட் ஃபிரேம் என்று இரண்டு வழக்கங்கள். ஒன்றின் கூட்டல் மற்றதில் கழித்தல். தெரிந்த ஒரு புள்ளியை மாற்றிப் பார்க்காமல் களத்தில் இறங்காதீர்கள்.

கே: கூகுள் எர்த்திலிருந்து கன்ட்ரோல் புள்ளி எடுக்கலாமா?
— பெயர் குறிப்பிடாத வாசகர்

கூடாது. படத்துக்குப் படம் சில மீட்டர் இடம் மாறும். போகும் வழி பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

கே: நேற்று எடுத்த புள்ளிகளும் இன்று எடுத்தவையும் 2.3 மீட்டர் தள்ளி நிற்கின்றன. எல்லாம் ஒரே திசையில். கேலிபரேஷன் கோப்பை மாற்றவில்லை.
— டிஜிபிஎஸ் ஆபரேட்டர், தஞ்சாவூர்

பேஸை (ஓரிடத்தில் நின்று ரோவருக்குத் திருத்தம் அனுப்பும் கருவி) இன்று புதிதாக நட்டபோது, கருவி தானாகக் கண்ட இடத்தை ஏற்றிருப்பீர்கள். தனித்து நின்று கண்ட அந்த இடம் ஒவ்வொரு முறையும் சில மீட்டர் மாறும். கேலிபரேஷன் நேற்றைய பேஸ் ஆயத்தொலைவோடு கட்டப்பட்டது. இன்றைக்கும் அதே எண்ணைக் கையால் ஏற்ற வேண்டும், ஆண்டெனா உயரத்தை மட்டும் புதிதாக அளந்து. எடுத்த வேலை வீணாகவில்லை: தெரிந்த புள்ளி ஒன்றை இன்றைய பேஸிலேயே அளந்து, வந்த வித்தியாசத்தை எல்லாவற்றுக்கும் கொடுங்கள், இரண்டாவது புள்ளியில் சரிபாருங்கள். நாளை முதல் எந்தக் கல்லில் பேஸ் நின்றது என்பதைப் புலக்குறிப்பில் எழுதிவைத்து, வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் ஒரு தெரிந்த புள்ளியைத் தொடுங்கள்.

கே: பழைய நில அளவைப் படங்களில் யாழ்ப்பாணத்தின் ஆள்கூறு கிழக்கு 118 கி.மீ., வடக்கு 494 கி.மீ. என்ற அளவில் உள்ளது. புதியவற்றில் 418, 794. வெறுமனே 3,00,000 மீட்டர் கூட்டினால் போதுமா?
— நில அளவை உதவியாளர், யாழ்ப்பாணம்

கிட்டத்தட்ட வரும், எல்லை அளவைக்குப் போதாது. இரண்டு கட்டங்களுக்கும் மூலம் பிதுருதலாகலை மலைதான், ஸ்கேல் 0.9999238418தான். பழைய கண்டவல கட்டத்தில் தொடக்க எண்கள் 2,00,000. புதிய கட்டமான எஸ்எல்டி 99இல் 5,00,000. ஆனால் வலையமைப்பே மறுசரிக்கட்டல் செய்யப்பட்டதால் மூலத்தின் அட்சரேகையிலேயே ஒரு செகண்டின் முப்பதில் ஒரு பங்கு வித்தியாசம் இருக்கிறது, அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டர். மென்பொருளில் இபிஎஸ்ஜி (ஆயத்தொலைவு முறைகளின் குறியீட்டு எண்) 5234 பழையது, 5235 புதியது. கண்டவலவுக்குப் பொதுவாகக் கிடைக்கும் மூன்று நகர்வு எண்கள் –97, 787, 86. ஒவ்வொன்றிலும் 20 மீட்டர் நிச்சயமின்மை உண்டு. எனவே பழைய படத்தில் உள்ள, இன்றும் நிலத்தில் நிற்கும் புள்ளிகளை நீங்களே ரோவரில் அளந்து நான்கு அளவுருப் பொருத்தம் செய்வதே சரி.

உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. யாழ்ப்பாணத்தில் எஸ்எல்டி 99 கட்டத்தின் ஸ்கேல் ஒன்றிலிருந்து 8 பிபிஎம் மட்டுமே விலகுகிறது. உயரத் திருத்தத்தையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 2 செ.மீ. அதே இடத்தில் யூடிஎம் கட்டம் மட்டுமே 26 செ.மீ. குறைக்கும். யூடிஎம் பக்கம் போகாதீர்கள்.

கே: கடற்கரையில் ரோவர் உயரம் மைனஸ் 90 மீட்டரை ஒட்டிக் காட்டுகிறது. பெஞ்ச் மார்க்கோடு எப்படிப் பொருத்துவது? எங்கள் வேலை 15 கி.மீ. வாய்க்கால்.
— இளநிலைப் பொறியாளர், நாகப்பட்டினம்

ரோவர் காட்டுவது நீள்கோளத்திலிருந்து உயரம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது ஜியாய்டைப் (சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய ஈர்ப்புச் சமதளம்) பார்த்து. இலங்கைக்குத் தெற்கே உலகின் மிக ஆழமான ஜியாய்டுப் பள்ளம், சுமார் 106 மீட்டர், இருக்கிறது. நம் பகுதி அதன் சரிவில் இருப்பதால் கடல்மட்டமே நீள்கோளத்துக்கு 85 முதல் 100 மீட்டர் கீழே கிடக்கிறது. சரிவு என்பதைக் கவனியுங்கள்: ஒரு பெஞ்ச் மார்க்கில் கண்ட வித்தியாசத்தை 15 கி.மீ.க்கும் ஒரே எண்ணாகப் போட்டால், நீங்கள் போகப் போக உயரம் விலகிக்கொண்டே போகும். வாய்க்காலின் வாட்டமே கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான் என்றால் தண்ணீர் எதிர்த்திசையில் நிற்கும்.

முதலில் ரோவரில் இஜிஎம் 2008 போன்ற ஜியாய்டு மாதிரியை ஏற்றுங்கள். சரிவின் பெரும்பகுதியை அது எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் வித்தியாசத்துக்கு, 3 கி.மீ.க்கு ஒன்றாக லெவல் ஓட்டிய பெஞ்ச் மார்க்குகளோடு பொருத்துங்கள். இங்கேதான் நீளமான வேலைக்கே உரிய பொறி இருக்கிறது. மென்பொருள் சாய்தளம் பொருத்தும். உங்கள் பெஞ்ச் மார்க்குகள் எல்லாம் கரையோரமாக ஒரே வரிசையில் நின்றால், தளம் கதவு போல அந்த வரிசையைக் கீலாக வைத்துக்கொண்டு இருபுறமும் ஆடும். 30 மீட்டர் அகலத்துக்குள் 2 செ.மீ. பிழை இருந்தால், 500 மீட்டர் தள்ளி வயலில் எடுத்த உயரம் 33 செ.மீ. தப்பும். ரெசிடுவல் அழகாகவே இருக்கும். இதைத் தடுக்க, வாய்க்காலுக்குக் குறுக்கே ஒன்றிரண்டு கி.மீ. தள்ளி இருபுறமும் தலா இரண்டு பெஞ்ச் மார்க்காவது லெவல் ஓட்டி நிறுவுங்கள். முடியாதென்றால் சாய்தளத்தைக் கைவிட்டு, ஜியாய்டு மாதிரியோடு ஒரே நகர்வு மட்டும் கொடுத்து, பகுதி பகுதியாகப் பிரியுங்கள்.

வாய்க்காலின் அடிமட்டத்தை ரோவரில் முடிவு செய்யாதீர்கள். ஆர்டிகே (ரோவர் உடனுக்குடன் திருத்தம் பெறும் முறை) உயரத்தின் துல்லியம் நல்ல நாளிலேயே ஒன்றரை, இரண்டு செ.மீ. அந்த வேலைக்கு லெவல் கருவிதான்.

கே: பத்து ஆண்டுக்கு முன் நிறுவிய கன்ட்ரோல் புள்ளியை இப்போது பிபிபி முறையில் (பேஸ் இல்லாமல், துல்லியமான செயற்கைக்கோள் தரவை வைத்து இடம் காண்பது) கணக்கிட்டால் அரை மீட்டர் வடகிழக்கே போயிருக்கிறது. கல் அசையவில்லை.
— ஆய்வு மாணவர், கோயம்புத்தூர்

கல் நாட்டோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்கே போகிறது, பத்து ஆண்டுக்கு அரை மீட்டர். பிபிபி எண்கள் வரும் ஐடிஆர்எஃப் (சர்வதேச ஆயத்தொலைவு) சட்டகம் உலகத்தோடு கட்டப்பட்டது, தட்டோடு அல்ல. எனவே பழைய எண்ணும் சரி, புதிய எண்ணும் சரி. இரண்டையும் ஒரே கேலிபரேஷனில் கலப்பதுதான் தவறு. கோர்ஸ் (நிரந்தரமாக இயங்கும் பேஸ்) நிலையத்திலிருந்து திருத்தம் வாங்கினால் அந்த நிலையத்தின் ஆயத்தொலைவு எந்தச் சட்டகம், எந்தத் தேதிக்கு உரியது என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் ரோவரும் அதே தேதியில்தான் பேசும். பிபிபியில் வந்ததை அந்தத் தேதிக்குப் பின்னுக்கு இழுத்துவிட்டுப் பொருத்துங்கள். புதிதாகக் கல் நடும்போது ஆயத்தொலைவுப் பட்டியலில் சட்டகம், தேதி, நீள்கோளம், மண்டலம், ஜியாய்டு மாதிரி ஆகிய ஐந்தையும் புள்ளியின் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். தனித் தாளில் எழுதினால் அது தொலைந்துபோகும்.